விஸாலின் சுட்டுவிரல்

விஸால் என்ற பெண் பிறந்தது 1948ஆம் ஆண்டில், அலெப்போ நகரின் கல்லாஸே பகுதியில். தகப்பனார் அப்துல் வாஹித் சோப்புக் கிடங்கில் எடைக்காரர். தாயார் ஹம்தா. உடன்பிறப்பு ஒருவரே: ஆறு வயது இளையவனான நாதிர். விஸாலுக்கு இருமுறை கல்யாணப் பேச்சு நடந்து இருமுறையும் நின்றுபோனது. ஏன் நின்றது என்பதற்கு வீட்டில் இரண்டு கதைகள் உலவுகின்றன. இரண்டுக்கும் சாட்சி இல்லை. ஆகவே அவை இங்கே இடம்பெறவில்லை. 1972இல் தகப்பனார் காலமானார். பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது, அந்த ஊர்ப் பெண்கள் பலரும் செய்வதைப் போல விஸாலும் தன் பங்கைத் தம்பிக்கே எழுதிக் கொடுத்தாள். அதற்கு ஈடாக, மாடியில் தெற்குப் பார்த்த அறை அவளுக்கு என்று நாதிர் சொன்னான். பங்கை விட்டதற்குக் காகிதம் உண்டு. அறையைக் கொடுத்ததற்குக் காகிதம் இல்லை.

அவளுடைய தொழில் கிப்பே பிடிப்பது. கோதுமை நொய்யையும் கொழுப்பு நீக்கிய ஆட்டிறைச்சியையும் ஒன்றாக இடித்து மாவாக்கி, உருண்டையை உள்ளங்கையில் வைத்துச் சுட்டுவிரலால் குடைந்து, கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வதுபோலச் செய்து, பூரணம் வைத்து மூடி எண்ணெயில் பொரிப்பார்கள். சொப்பின் சுவர் எவ்வளவு மெலிதோ அவ்வளவு மதிப்பு. அலெப்போவில் பெண் பார்க்கப் போகும் மாமியார்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விரலைப் பார்ப்பார்கள் என்று ஒரு கேலி உண்டு. விஸாலின் வலக்கைச் சுட்டுவிரல் நீளமானது. நுனி சற்றே ஒடுங்கியது. அவள் குடைந்த சொப்பை விளக்கின்முன் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவித் தெரியும் என்பார்கள். கல்யாண வீடுகளில் தட்டு வந்ததும் விருந்தாளிகள் யார் சமைத்தது என்று கேட்பதில்லை, "இது யாரு விரல்?" என்றுதான் கேட்பார்கள்.

அறைக்கும் விரலுக்கும் என்ன தொடர்பு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாதிரின் மனைவி ரதீபா. அவர்களுடைய மூத்த மகன் மாஹிருக்குக் கல்யாண வயது வந்ததும் வீட்டில் இடம் போதவில்லை என்ற பேச்சு எழுந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ரதீபா அதை வாய்விட்டே கேட்டாள். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த விஸாலின் காதில் நாதிரின் பதில் விழுந்தது:

"அக்கா கை ஓடுற வரைக்கும் அந்த அறையைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

அன்று அந்தச் சொல் அவளுக்குக் குளிர்ந்த நீர் குடித்ததுபோல் இருந்தது. தம்பி தன் பக்கம் நிற்கிறான் என்று மகிழ்ந்து படியேறிப் போனாள். அந்த வாக்கியத்துக்குள்ளேயே ஒரு கதவும் இருக்கிறது, அது வெளிப்புறமாகத் திறக்கும் கதவு என்பது அவளுக்குப் பிற்பாடுதான் புலப்பட்டது.

அறையில் ஜன்னலை ஒட்டி, இரும்புச் சட்டத்தின்மேல் ஒரு கண்ணாடி மீன்தொட்டி இருந்தது. அவளே சம்பாதித்து வாங்கியது. அதில் முதலில் விட்ட மீன்களில் எஞ்சியிருந்தது ஒரு கறுப்பு ஏஞ்சல் மீன். முக்கோணமாக நிமிர்ந்து, எதையும் அவசரமின்றிப் பார்க்கும் அதன் தோரணைக்காக அவள் அதைப் பாஷா என்று அழைத்தாள். மற்றவை கப்பி, மாலி என்ற சிறு மீன்கள். குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து மருந்து வாடை போக ஒருநாள் வைத்திருந்துதான் தொட்டியில் ஊற்றுவாள். கிப்பேக்கு வரும் இறைச்சியில் நாரில்லாத துணுக்கைக் கத்தி முனையால் சுரண்டி, மாவுபோலாக்கி, பாஷாவுக்கு விரல் நுனியில் நீட்டுவாள். அது வந்து வாங்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் டீசல் அடுப்பைத் தொட்டிக்கு எந்தப் பக்கம் வைப்பது என்று வீட்டாரோடு வழக்காடுவாள். மின்சாரம் போனால் காற்றுப் பம்பு நின்றுவிடும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டி நீரையே கிண்ணத்தில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பாள். பம்பின் முனகல் அந்த அறையின் மூச்சு. அது கேட்கும்வரை அவளுக்குத் தூக்கம் வரும்.

"மதினி, கல்யாண ஆர்டர் வந்திருக்கு, மாவு காயுது. நீங்க அங்க மீனுக்கு மழை பெய்ய வைக்கிறீங்களா?" என்று கீழிருந்து ரதீபா கத்துவாள்.

"மாவுக்கு ஈரத்துணி போதும் ரதீபா. இதுக்கு மூச்சு வேணும்!"

தெருவில் அவளுக்கு மீனம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் அவள் கோபித்துக்கொண்டதில்லை.

1993ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவள் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனாள். புறா விற்பவர்களுக்கும் முயல் விற்பவர்களுக்கும் நடுவே நஸாரெத் என்ற ஆர்மீனியர் மீன்களை நெகிழிப் பைகளில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அன்று ஒரு பையில் மூன்று முத்துக் கூராமிகள் இருந்தன. உடம்பெல்லாம் முத்துப் புள்ளிகள். வயிறுதான் கத்தி விளிம்புபோல் ஒட்டிக்கிடந்தது.

"ஏன் இப்படி இளைச்சுக் கிடக்கு, நஸாரெத் அண்ணே?"

"பயணக் களைப்பும்மா. கப்பல்ல வந்து, லாரியில வந்து, என் கையில மாட்டியிருக்கு. உன் வீட்டுச் சாப்பாட்டை ஒரு வாரம் தின்னா உன்னை மாதிரி ஆயிடும்."

"என்னை மாதிரியா? அப்ப தொட்டி கொள்ளாதே!"

சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். சிரித்துக்கொண்டேதான் தொட்டியில் விட்டாள். பாஷா மூலையிலிருந்து புதியவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அதே வாரத்தில் தொட்டியைக் கழுவும்போது வடிகட்டிப் பெட்டியின் உடைந்த விளிம்பு அவளுடைய வலக்கைச் சுட்டுவிரலைக் கீறியது. நடுக் கணுவுக்குச் சற்று மேலே, நகம் கிள்ளிய அளவு. இரத்தம் நீரில் ஒரு நூலாக ஓடி மறைந்தது. கையை வழக்கம்போல் எலுமிச்சையும் உப்பும் தேய்த்துக் கழுவினாள். கீறல் ஆறியது. ஆறி, மறந்து, குளிர் தொடங்கிய பிறகு அதே இடத்தில் ஒரு முடிச்சு எழும்பியது. கொண்டைக்கடலை அளவு, ஊதா நிறம், தொட்டால் வலிக்கவில்லை. வலிக்காததே நல்லது என்று அவள் நினைத்தாள்.

எதிர்வீட்டு உம்மு ஸக்கூர் அந்த விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உம்மு ஸக்கூரின் இடக் கன்னத்தில் காசு அளவுக்கு ஒரு குழி உண்டு. ரதீபாவுக்கு முழங்கையில் உண்டு. நாதிருக்கு நெற்றியில். அந்த ஊரில் மணல் ஈ கடித்தால் வரும் புண் அது. ஓராண்டு இருக்கும், பிறகு தானே போகும், போகும்போது தழும்பை விட்டுச் செல்லும். அதனால்தான் அதற்கு வருஷப்புண் என்று பெயர். வெளியூரில் இருவர் சந்தித்தால் கன்னத்துக் குழியைப் பார்த்து "நீயும் நம்ம ஊரா?" என்று கட்டிக்கொள்வார்கள். நாற்பத்தைந்து வயதுவரை அந்தத் தழும்பு இல்லாமல் இருந்தவள் விஸால்.

"அல்ஹம்துலில்லாஹ்! கடைசியில உனக்கும் ஊர் முத்திரை குத்தியாச்சு" என்றாள் உம்மு ஸக்கூர். "இத்தனை வருஷம் திருட்டுத்தனமா இந்த ஊர்ல குடியிருந்தே. இப்பத்தான் நீ அலெப்போக்காரி."

"விரல்லயா வரணும் அக்கா? கன்னத்துல வந்தா நான் என்ன, கல்யாணத்துக்கா நிக்கிறேன்?"

"ஒத்தைப் புண்ணுதானே, ஆண் புண்ணு. ஆம்பளை மாதிரிதான். வந்து உக்காருவான், எதுக்கும் உதவமாட்டான், ஒருநாள் சொல்லாம எழுந்து போயிடுவான். பெண் புண்ணுதான் கெட்டது. அது குட்டி போடும்."

அரசு மருந்தகத்தில் கூட்டம் நெரிந்தது. அவ்வாண்டு ஊரெங்கும் வருஷப்புண் பரவியிருந்தது. ஊசி போடுபவர் விரலைப் பார்த்த மாத்திரத்தில் புண்ணின் விளிம்பில் ஊசியை இறக்கினார். அவரைக் குறை சொல்ல இயலாது. அன்று அவர் முன்னால் நீண்ட கைகளில் எல்லாம் அதே புண்தான் இருந்தது. இதுவும் அப்படியேதான் இருந்தது.

முதல் கூராமி அந்தக் குளிர்காலத்தில் செத்தது. அதற்கு முன் பல நாள் மூலையில் தலைகீழாகச் சாய்ந்து நின்றது. முதுகு நடுவில் வளைந்துபோயிருந்தது. வாலருகே செதில் உதிர்ந்து சிவந்த குழி தெரிந்தது. விஸால் அதை உள்ளங்கையில் ஏந்தி எடுத்தாள். அன்று மாலையே புண் சற்று வறண்டதுபோல் தோன்றியது. உண்மையாகவே வறண்டதா, தோன்றியது மட்டும்தானா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. உம்மு ஸக்கூருக்கு மட்டும் ஐயமே இருக்கவில்லை.

"அழாதே புள்ள. உன் தலைக்கு வந்தது மீன் தலையோட போச்சு. யாரோ கல்யாண வீட்டுல உன் விரலைப் பாத்துக் கண்ணு வெச்சிருக்கா. அந்தக் கண்ணை இது வாங்கிக்கிச்சு. எங்க மாமனார் வண்டி கவுந்தப்போ கழுதை செத்தது, அவர் பிழைச்சாரு. வாயில்லாத சீவன் வீட்டுல இருந்தா அதுதான் முதல்ல போகும். அதுக்குத்தானே வளக்கிறோம்."

இதை அவள் மட்டும் சொல்லவில்லை. ரதீபா சொன்னாள். கிப்பே வாங்க வந்தவர்கள் சொன்னார்கள். அந்த ஊரில் கோப்பை உடைந்தாலும் கெட்டது விலகியது என்பார்கள். உயிரே போனால் கேட்க வேண்டுமா? விஸால் நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை, அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய், செத்ததற்குப் பதிலாக இரண்டு வாங்கி வந்தாள்.

இரண்டாம் கூராமி செத்தபோது புறங்கையில் இரண்டாவது முடிச்சு எழும்பியது. மூன்றாவது மீனுக்குப் பிறகு மணிக்கட்டில் ஒன்று. பிறகு முன்னங்கையில், ஒரே கோட்டில், யாரோ விரல்விட்டு அளந்து பதித்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக. உம்மு ஸக்கூர் இப்போது சிரிக்கவில்லை.

"பெண் புண்ணுதான்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "குட்டி போட்டுட்டா."

மருந்தகத்தில் ஊசியின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். வீட்டில் மீனின் எண்ணிக்கை கூடியது. நஸாரெத் மறுபடி மறுபடி பை கட்டிக் கொடுத்தார். "உங்க வீட்டுல மீனை வறுத்துத் தின்றீங்களாம்மா?" என்று ஒருமுறை கேட்டார். புதிய மீன்கள் கொழுகொழுவென்று வந்து, சில வாரங்களில் இளைத்து, முதுகு கூனி, மூலைக்குப் போயின. ஒவ்வொன்றும் தனக்காகத்தான் போகிறது என்ற எண்ணத்தில் அவள் அவற்றுக்கு முன்னைவிடக் கவனமாக உணவிட்டாள். கண்ணாடியை முன்னைவிட அடிக்கடி துடைத்தாள். கை எரியும் நாட்களில் அதை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு வைத்திருந்தாள். நீர் இளஞ்சூடாக இருந்தது. இதமாக இருந்தது. பாஷா நெருங்கி வந்து சுட்டுவிரலைச் சுற்றி நீந்தும். புண்ணின் விளிம்பில் உரியும் தோலைக் கொத்தும். அதையும் அவள் நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டாள்.

தொழிலில் முதல் அடி கோடைக்காலத்தில் விழுந்தது. ரப்பர் உறை மாட்டித்தான் மாவைத் தொடுவாள். உறைக்குள் விரல் வீங்கியிருந்ததால் சுவர் எங்கே மெலிகிறது என்பது விரலுக்குத் தெரியவில்லை. ஹாஜ்ஜா நஜாத் என்ற பழைய வாடிக்கைக்காரி வீட்டு நிச்சயதார்த்தத்தில் கிப்பேக்கள் எண்ணெயில் இறங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஹாஜ்ஜா மறுநாள் நேரிலேயே வந்தாள். நல்ல மனசுக்காரி, அதனால்தான் அதிகம் வலித்தது.

"விஸால், உன் கையில இருக்கிறது எங்களுக்கு எல்லாம் வந்து போனதுதான். எனக்குப் பயமில்ல. ஆனா சம்பந்தி வீடு லத்தக்கியா. அவங்க ஊர்ல இது கிடையாது. கையைப் பாத்துட்டா தட்டைத் தொடமாட்டாங்க. ஆறினதும் நீயே வா. உன்னைத் தவிர வேற விரலுக்கு என் வீட்டுல இடமில்ல."

"ஆறிடும் ஹாஜ்ஜா. வருஷம் நெருங்கிடுச்சு."

வருஷம் நெருங்குகிறது என்பதே அவளுடைய பிடிமானம். ஊரே அறிந்த சட்டம் அது. புண்ணுக்கு ஓராண்டுதான் ஆயுள். அவள் இலையுதிர் காலத்தை எதிர்பார்த்திருந்தாள், கடன் கழியும் நாளை எதிர்பார்ப்பவர்கள்போல. இதற்கிடையே மாஹிருக்குப் பெண் அமைந்தது. பூ வைக்கப் பெண்வீட்டார் வந்தபோது விஸால் நீளக்கைச் சட்டை போட்டுத் தேநீர் எடுத்து வந்தாள். தட்டை நீட்டும்போது சட்டைக்கை மேலேறியது. பெண்ணின் தாய் தேநீரை எடுத்தாள், குடிக்கவில்லை.

ஓராண்டு நிறைந்தது. புண் போகவில்லை. நிறைந்த பிறகு வந்த ஒரு காலையில் விஸால் விழித்து, கட்டிலில் உட்கார்ந்து, கையை மூடித் திறந்து பார்த்தாள். மற்ற நான்கு விரல்களும் மடங்கின. சுட்டுவிரல் மடங்கவில்லை. அது நேராக நின்று தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் அப்போது பாஷாவும், கூனிப்போன இரண்டு கூராமிகளும் மட்டுமே இருந்தன. அவள் இடக்கையால் விரலைப் பிடித்து மடக்க முயன்றாள். உள்ளே ஏதோ நனைந்த கயிறுபோல் உரசியது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாவு பிசையும் பாத்திரத்தின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்ததை ரதீபா பார்த்துவிட்டாள்.

"மதினி, கையை மடக்குங்க."

"போய் வேலையைப் பாரு."

"மடக்குங்கன்னா!"

விஸால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஐம்பதை நெருங்கும் பெண், திருடிய மிட்டாயை மறைக்கும் குழந்தையைப்போல. ரதீபா முக்காட்டை இழுத்துக் கட்டினாள்.

"கிளம்புங்க. அஸீஸிய்யாவுல தோல் டாக்டரம்மா ஒருத்தி இருக்காளாம். பெண்ணோட அம்மா நேத்து ஆள் விட்டிருக்கா, வீட்டுல என்ன வியாதின்னு கேட்டு. நான் என்ன பதில் சொல்றது? வருஷப்புண்ணுன்னா வருஷம் முடிஞ்சிருக்கணும்."

"உனக்கு என் கையா முக்கியம்? அறை முக்கியம்."

"ஆமா, அறைதான் முக்கியம். அதுக்காகவாவது வாங்க."

ரதீபா பின்னாளில் இதை மறுத்தாள். அப்படிச் சொல்லவே இல்லை என்றாள். விஸால் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை. இருவரும் பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் போனார்கள் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

டாக்டர் இக்லாஸ் முதலில் புண்ணைப் பார்க்கவில்லை; விரலின் அடிப்பக்கத்தை நுனியிலிருந்து உள்ளங்கைவரை மெல்ல அழுத்திக்கொண்டே போனார். விஸால் பல்லைக் கடித்தாள்.

"எவ்வளவு காலமா?"

"வருஷம் தாண்டிடுச்சு."

"ஊசி?"

"கணக்கில்லாம போட்டாச்சு."

"ஒண்ணுகூடக் கேக்கல, இல்லையா?" டாக்டர், முன்னங்கையில் ஒரே கோடாக ஏறியிருந்த முடிச்சுகளைப் பார்த்தார். "தண்ணியில கை வைக்கிற வேலை ஏதாவது உண்டா? கடல், குளம், மீன் கழுவுறது?"

"நான் கிப்பே பிடிக்கிறவ டாக்டர். ஆட்டுக்கறிதான். எங்க வீட்டுல மீன் சமைக்கிறதே அபூர்வம்."

"சமைக்கிறதில்லதான்" என்று ரதீபா சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள். "தாலாட்டுறது மட்டும்தான். ராவும் பகலும் கையைத் தொட்டிக்குள்ள விட்டுக்கிட்டு. இவங்களுக்கு அதுங்களைத் தவிர வேற யாரு இருக்கா?"

டாக்டரின் பேனா நின்றது.

"என்ன சொன்னீங்க?"

ரதீபா திடுக்கிட்டாள். "நான் சும்மா… வாய் தவறி…"

"இல்ல, சொல்லுங்க. எந்தத் தொட்டி?"

விஸால்தான் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் குறைந்துகொண்டே வந்தது. எந்தச் சந்தையில் வாங்கியது, எப்போது, விரல் எங்கே கீறியது.

"அந்த மீனெல்லாம் இப்ப எப்படி இருக்கு?"

"செத்துக்கிட்டே இருக்கு."

"எப்படிச் சாகுது?"

"வயிறு ஒட்டி… முதுகு வளைஞ்சு… செதில் விழுந்து, புண்ணு வந்து." கடைசிச் சொல்லில் அவளே நின்றாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்காகத்தான் சாகுதுன்னு எல்லாரும் சொன்னாங்க டாக்டர்."

"உங்களுக்காக இல்லம்மா" என்றார் டாக்டர். "உங்களுக்கும் அதுங்களுக்கும் ஒரே நோய்."

தோலில் ஒரு துண்டு எடுத்து, குறைந்த சூட்டில் வளர்த்துப் பார்க்க அனுப்பினார்கள். விடை வரப் பல வாரங்கள் ஆயின, விடை அதுவேதான். மீன்தொட்டி நீரில் வாழும் கிருமி; காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட உறவு; மெதுவாக வளர்வது; சூடான உள்ளுடம்பை விரும்பாமல் குளிர்ந்த கைவிரல்களை விரும்புவது. வருஷப்புண்ணின் ஊசி அதை ஒன்றும் செய்யாது. அது தோலோடு நிற்காமல் தசைநார் உறைக்குள் இறங்கிவிட்டது. நோய் போகும், மாதக் கணக்கில் மாத்திரை வேண்டும், ஓர் அறுவையும் வேண்டும். விரலைப் பற்றிக் கேட்டபோது டாக்டர் தாளைப் புரட்டிக்கொண்டே, "சீக்கிரம் வந்திருக்கலாம்" என்றார்.

தொட்டியை என்ன செய்வது என்பதில் அவர் தயங்கவில்லை. நீர், கல், வடிகட்டி, மீன் எதுவும் மிஞ்சக் கூடாது. ரதீபா குளோரின் புட்டியையும் கையுறையையும் மாடிக்குக் கொண்டு வந்தாள்.

"நான் ஊத்துறேன் மதினி. நீங்க கீழ போங்க."

"நான் விட்டது. நானே எடுக்கிறேன்."

"கை?"

"இன்னொரு கை இருக்கில்ல?"

ரதீபா வாசலில் நின்றாள், போகவில்லை. விஸால் இடக்கையில் உறை மாட்டினாள். கூராமிகள் இரண்டும் வலைக்குள் தாமாகவே சாய்ந்தன. பாஷாதான் வரவில்லை. அது கண்ணாடியோரமாகப் பின்வாங்கி, நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்தது. வலையை வெளியே எடுத்துவிட்டு, வழக்கம்போல் விரல் நுனியை நீரின் மேல்மட்டத்தில் நீட்டினாள். உறை மாட்டிய இடக்கை விரல்தான். ஆயினும் அது வந்தது. அருகில் வந்ததும் அதன் வயிற்றின் கீழே, கறுப்பில் எளிதில் தெரியாத ஒரு சிவந்த குழியை விஸால் பார்த்தாள். எத்தனை காலமாக அது அங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் புண்ணைக் கொத்திய வாய் அது. நோய் தன் புண்ணிலிருந்து அதற்குப் போனதா, அதனிடமிருந்து தனக்கு வந்ததா என்றும் தெரியவில்லை.

வாளியில் குளோரின் நீர் ஆயத்தமாக இருந்தது. பாஷாவும் அதில் போன பின் ரதீபா பம்பின் இணைப்பைப் பிடுங்கினாள். முனகல் நின்றது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து இருவரும் கேட்டதில்லை.

"மதினி" என்றாள் ரதீபா. "அன்னைக்கு நான் டாக்டர்கிட்ட வேணும்னு சொல்லல."

"தெரியும். நல்ல எண்ணத்துல யாரும் எனக்கு உண்மையைச் சொல்லல. நீ குத்திக் காட்டுனப்பதான் வெளிய வந்துச்சு."

மாத்திரைகள் அவளுடைய சிறுநீரைச் சிவப்பாக்கின, பசியைக் கொன்றன. முடிச்சுகள் மேலிருந்து கீழாக, ஏறிய வழியே இறங்கிப்போயின. வெயில் ஏறுவதற்கு முன் அறுவை நடந்தது. கட்டை அவிழ்த்தபோது புண் இல்லை. சுட்டுவிரல் இருந்தது, ஆனால் அது எலும்பு வைத்த மெழுகுவர்த்தி. மேசைமேல் கையை வைத்தால் அது மட்டும் எழும்பி நின்றது. ஹாஜ்ஜா நஜாத் ஆள் அனுப்பினாள். விஸால் ஒரு கைப்பிடி மாவு எடுத்து, நடுவிரலால் குடைந்து பார்த்தாள். மூன்று உருண்டைகள் கிழிந்தன. நான்காவது கிழியவில்லை; விளக்கின்முன் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் வரவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். ஹாஜ்ஜாவின் ஆளிடம் வேறொருத்தியின் பெயரைச் சொல்லி அனுப்பினாள்.

மாஹிரின் கல்யாணம் 1995ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நடந்தது. விருந்தில் கிப்பே வந்தது. பெண்ணின் தாய் இப்போது விஸாலின் அருகிலேயே உட்கார்ந்து, தழும்பைத் தொட்டுப் பார்த்து, "நல்லா ஆறிடுச்சே" என்றாள். விஸால் ஒரு கிப்பேயைப் பிட்டு, சுவரின் தடிப்பைப் பார்த்தாள். பிறகு தின்றாள்.

அதற்கு முன்பே, கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடித்துக்கொண்டிருந்த நாளில், நாதிர் மாடிக்கு வந்திருந்தான். உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றித் தழும்பைத் தடவினான்.

"அக்கா…"

"சொல்லு."

"நான் என்ன சொல்லப்போறேன்…"

"நீ முன்னாலேயே சொல்லிட்டே நாதிர். படியில நின்னு கேட்டேன்." அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள், மடங்காத விரல் ஒவ்வொரு மடிப்பிலும் தடுக்கியது. "சாவி கதவுலயே இருக்கு."

அவன் அழுதான் என்று ரதீபா சொல்கிறாள். அழவில்லை என்று விஸால் சொன்னாள்.

கீழே விருந்தினர் கூடத்தில் அவளுக்குப் படுக்கை விரிக்கப்பட்டது. பகலில் அது சுருட்டி வைக்கப்பட்டது. தொட்டியின் கண்ணாடியை உடைத்துக் குப்பையில் சேர்த்தார்கள். இரும்புச் சட்டம் நன்றாக இருந்ததால் மாஹிர் அதன்மேல் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்தான்.

மாடி அறையில் விஸால் குடியிருந்தது இருபத்துமூன்று ஆண்டுகள்.